தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை

எழுதுவது எனக்குப் பழக்கமில்லாத வேலை. மூன்றாம் படிவத்தோடு படிப்பை நிறுத்தியவள் நான். நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் வாயைத் திறக்கச் சொன்னால் தொண்டை அடைத்துக்கொள்ளும். அப்படிப்பட்டவள் தாளும் பேனாவுமாக உட்கார்ந்திருப்பதைப் படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். கோயிலில் சொல்ல வேண்டியதை அன்றைக்கு என்னால் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ரிங்லெட் என்ற மலையூருக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில் எங்கள் வீடு. நான் கொழுந்து வெட்டப் போகிறேன், என் வீட்டுக்காரர் ஃபேக்டரியில் இருக்கிறார். எங்களுக்குப் பிள்ளை இல்லை. என் தங்கை கோலாலம்பூரில் இருக்கிறாள். அவளுக்குக் கையுறை செய்யும் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. அவள் புருஷன் லாரி ஓட்டுகிறார். மூத்தது பையன். அதற்குப் பிறகு அவளுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்து தங்கவில்லை. அடுத்துப் பெண் பிறந்தாள். அதற்கும் நெஞ்சில் ஓயாத சளி. மூச்சு விடும்போது பூனைக்குட்டி கத்துவதுபோல் சத்தம் கேட்கும்.

பிள்ளை தங்காத வீட்டில், அடுத்துப் பிறந்ததைத் தவிட்டுக்கு விற்பது எங்கள் வழக்கம். பெற்றவள் கோயிலில் பிள்ளையை முறத்தில் கிடத்துவாள். வேறொருத்தி ஒரு கைத் தவிட்டை அவள் முந்தானையில் போட்டுவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொள்வாள். தவிட்டு விலைக்குப் போன பிள்ளைமேல் எந்தக் கண்ணும் விழாது என்று நம்பிக்கை. கொஞ்சம் தேறியதும் பெற்றவள் அதேபோல் ஒரு கைத் தவிட்டைக் கொடுத்துத் திருப்பி வாங்கிக்கொள்ள வேண்டும்.

எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் அப்படி நான் அவளை வாங்கினேன். ரிங்லெட்டில் கோழித் தீவனம் விற்கும் கடையில்தான் தவிடு கிடைத்தது. என் தங்கை சிரித்துக்கொண்டே, எல்லாருக்கும் கேட்கும்படி, "குடுத்துட்டேன், குடுத்துட்டேன், குடுத்துட்டேன்" என்று மூன்று முறை சொன்னாள். பூசாரி அவளைப் பார்த்து, "திருப்பி வாங்குற வரைக்கும் இது ஒம்புள்ள இல்லம்மா. ஒன்ன சின்னம்மான்னுதான் கூப்புடணும். மறந்துறாத" என்றார்.

பிரசவ லீவு முடிந்ததும் தங்கை வேலைக்குத் திரும்ப வேண்டும் என்றாள். ஃபிளாட்டில் பிள்ளை பார்க்கும் பொம்பளையிடம் ஏற்கெனவே பிள்ளைகள் நிறைய, இவளுக்கோ மூச்சிரைப்பு. ஒரு மாதம் மட்டும் நீயே வைத்துக்கொள் அக்கா என்றாள். அந்த ஒரு மாதம் ஆறு வயது வரைக்கும் போனது. சளி கட்டிய ராத்திரிகளில் அவளைத் தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியதும், நெஞ்சில் துணியைச் சூடு காட்டி ஒத்தி எடுத்ததும் நாங்கள்தான். மூன்று வயதில் மூச்சுச் சத்தம் நின்றது. திருப்பி வாங்குவதைப் பற்றி அப்போது யாரும் பேசவில்லை. நானாகக் கேட்பேனா?

அவள் என்னை அம்மா என்றாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. வேலை முடிந்து லாரி எங்களை இறக்கிவிடும் வளைவில் எதிர் வீட்டு அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். வீட்டுக்கு வந்ததும் என் பூட்ஸை இழுத்துக் கழற்றிக் காலுறையைப் பிரட்டி அட்டை தேடுவாள். ஒன்று அகப்பட்டுவிட்டால் உப்பு டப்பாவை எடுக்க ஓடுவாள். அகப்படாத நாளில், "ஒன்னும் இல்லம்மா, இன்னிக்கு அட்டைக்கு லீவு" என்று ஏமாற்றத்தோடு சொல்வாள்.

ஒரு பள்ளி விடுமுறைக்கு அவளைக் கூட்டிக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனேன். அவர்கள் எப்படிப் பிள்ளை வளர்க்கிறார்கள் என்று அந்த ஒரு வாரத்தில் பார்த்தேன். தங்கை ராத்திரி ஷிப்டு முடிந்து வந்து, ஜன்னலில் கறுப்புத் துணி கட்டிப் பகலெல்லாம் தூங்கினாள். அவள் உள்ளே நுழைகிற நேரத்தில் புருஷன் வேலைக்குக் கிளம்புவார். இரண்டு பேரும் வாசலில் பேசிக்கொள்கிற நாலு வார்த்தைதான் குடும்பம். பையனை விடுமுறையிலும் வேன் வந்து டியூஷன் சென்டருக்கு ஏற்றிக்கொண்டு போகும். இருட்டிய பிறகு இறக்கிவிடும். கழுத்தில் சாவியை மாட்டியிருப்பான். தானே முட்டை பொரித்துச் சோற்றில் போட்டு, போனைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவான். பக்கத்தில் போய் உட்கார்ந்தால் கொஞ்சம் நகர்ந்து இடம் விடுவான். மற்றபடி பேச்சு இல்லை.

போய் இறங்கிய அன்று எங்களுக்குக் கதவைத் திறந்தது அவன்தான். அப்புறம் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு என்னிடம் வந்து, "பெரிம்மா, அம்மா தூங்கறப்ப யாரு வந்தாலும் கதவு தொறக்கக் கூடாது. நீங்க வந்தப்பவும் தொறந்துருக்கக் கூடாது. அம்மாகிட்ட சொல்லிறாதீங்க" என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது. ராத்திரி அவன் தூங்கிய பிறகு அவன் கழுத்துச் சாவியைக் கழற்றித் தலைமாட்டில் வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் ஷாப்பிங் மாலுக்குப் போனோம். அங்கே தங்கை பிள்ளைகளுக்குக் கேட்டதெல்லாம் வாங்கிக் கொடுத்தாள். களைத்துப் போன முகத்தோடு அவள் ஐஸ்கிரீமை நீட்டியபோது எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. அவளும் எங்கள் தோட்டத்து லய வீட்டில் பிறந்தவள்தான். இதிலிருந்து தப்பித்துப் போய், அங்கே ஓடிக்கொண்டிருக்கிறாள்.

போன வருஷக் கடைசியில் தங்கை போன் செய்தாள். அடுத்த வருஷம் பிள்ளைக்கு முதலாம் வகுப்பு, கோயிலில் முறையாகத் திருப்பி வாங்கிக்கொண்டு போகிறோம், பூசாரியிடம் சொல்லிவை என்றாள். நான் சரி என்று போனை வைத்துவிட்டேன். என் வீட்டுக்காரரிடம், பிள்ளை இங்கேயே இருக்கட்டும் என்று கேட்கலாமா என்றேன். அவர் டிவியைப் பார்த்துக்கொண்டு, பெத்தவங்களுக்கு இல்லாத உரிமையா என்றார்.

அவர்கள் காரில் வந்து இறங்கினார்கள். கியா பார்ம் சந்தையில் ஸ்ட்ராபெர்ரி வாங்கிக்கொண்டு வந்திருந்தார்கள், எங்களுக்குக் கொடுக்க. சடங்குக்கு வாங்கி வைத்திருந்த தவிட்டு மூட்டையைப் பார்த்துத் தங்கை புருஷன், "கோழிக்குப் போடறதக் குடுத்துப் புள்ளைய வாங்குறோம்லா. இத விடச் சீப்பா எங்கயும் கெடைக்காது" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். பையன் சிரிக்கவில்லை.

அடுப்படியில் தங்கையோடு தனியாக இருந்தபோது நான் கேட்டேன். நினைத்து வைத்திருந்த பேச்செல்லாம் மறந்துபோய், கடைசியில் வந்தது இதுதான்.

"அவள இங்கேயே விட்டுட்டுப் போயேன். ஸ்கூலு பக்கத்துலதான இருக்கு. நீ எந்நேரம் அவளப் பாப்ப?"

"கே.எல்.ல யாருக்கா புள்ளையப் பாத்துக்கிட்டே இருக்கா? எல்லாரும் அப்படித்தான் வளக்குறாங்க." வெங்காயம் நறுக்குவதை அவள் நிறுத்தவில்லை. "இங்க இருந்து என்ன ஆவப் போறா? ஒன்ன மாதிரி கூடையத் தூக்கிக்கிட்டு மலையேறவா? பெரியவன் வேற ஒத்தையாக் கெடக்கான்க்கா. பேச்சே கொறஞ்சு போச்சு. இவ வந்தா அவனுக்கும் ஒரு தொணையா இருக்கும்."

அது வாயில் வந்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே தெரிந்தது போலிருந்தது. கத்தியை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"நீ தவிட்டுக்குத்தானக்கா வாங்குன. பெத்தா வாங்குன?"

வெங்காயத்துக்கும் அழலாம். நான் அதற்குக்கூட அழவில்லை.

கோயிலில் பிள்ளைக்குப் புதுப் பாவாடை. இது ஒரு சாமி விளையாட்டு என்று அவளிடம் சொல்லியிருந்தார்கள். ஆறு வயதுப் பிள்ளை முறத்தில் அடங்குமா? முறத்தின்மேல் நின்றாள். அது வளைந்து கிரீச்சிட்டதும் சிரித்தாள். தோட்டத்தில் மிச்சமிருக்கும் குடும்பங்கள் எல்லாம் வந்திருந்தன. என் முந்தானையை விரிக்கச் சொன்னார்கள். தங்கை ஒரு கைத் தவிட்டைப் போட்டாள்.

"குடுத்துட்டேன்னு மூணு தரம் சொல்லும்மா" என்றார் பூசாரி.

எல்லாரும் என்னையே பார்த்தார்கள். கொடுக்கமாட்டேன் என்பதும் என் நாக்கின் கீழே இருந்தது, கொடுத்தேன் என்பதும் இருந்தது. இரண்டில் ஒன்றும் வெளியே வரவில்லை. நான் எப்போதும் அப்படித்தான் நிற்பேன் என்று அங்கே எல்லாருக்கும் தெரியும். வெட்கப்படுகிறாள் என்றுதான் நினைத்தார்கள். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

"நல்ல நேரம் போவுதும்மா" என்றார் பூசாரி.

பின்னால் நின்ற என் வீட்டுக்காரர் முன்னால் வந்தார். "அவளுக்கு நாலு பேரு முன்னால பேச வராது சாமி. நானே சொல்லிர்றேன்" என்றார். நல்ல கணீரென்ற குரல் அவருக்கு. குடுத்துட்டோம், குடுத்துட்டோம், குடுத்துட்டோம் என்று மூன்று முறை சொன்னார். மேளம் தட்டினார்கள். அவ்வளவுதான்.

இருபத்தைந்து வருஷம் ஒரே வீட்டில் இருந்தவர். என் வாய் ஏன் அன்றைக்கு மூடியிருந்தது என்று அவருக்குத் தெரியாதா? அவரை நான் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் அவராகவே, நாளைக்கு உறவு வேணும்ல என்றார். இதுவரை அவரோடு வேறு எதற்கும் சண்டை போட்டதில்லை. இதற்கும் போடவில்லை. ஆனால் மன்னிக்கவில்லை.

பிள்ளை காரில் ஏறும்போது, "அம்மா, நீங்க முன்னாடி ஒக்காருவீங்களா, பின்னாடியா?" என்று என்னைக் கேட்டாள். தங்கை, "நான்தான்டா அம்மா. அது பெரிம்மா" என்றாள். பிள்ளை இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். விளையாட்டு இன்னும் முடியவில்லை என்று நினைத்திருப்பாள். அதற்குள் அவள் அண்ணன் தன் போனை அவள் கையில் கொடுத்தான். அவன் எதையும் யாருக்கும் கொடுத்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அவள் குனிந்துகொண்டாள். கார் அந்த லாரி வளைவைத் தாண்டும் வரை நிமிரவில்லை. அவள் அழவில்லையே என்று எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள்.

மறுநாள் விடியற்காலையில் மழை. வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்தேன், ரோட்டு ஓரத்து மலையில் வேலை போட்டார்கள். சாயங்காலம் வந்து பூட்ஸைக் கழற்றி வைத்தேன். முந்தானையிலிருந்து கொட்டி வைத்திருந்த தவிட்டை எதிர் வீட்டு அக்காவின் கோழிகளுக்குப் போட்டேன்.