பாதி இறக்கிய கண்ணாடி

வேன் கதவின் கண்ணாடியைப் பாதிக்கு இறக்கி, பக்கத்துக் கம்பத்தில் தொங்கும் இரும்பு ஒலிப்பெட்டியை எடுத்து அதன் விளிம்பில் கொக்கி போட்டு மாட்டுவோம். ஜூரோங் பக்கம் முன்பு இருந்த, வண்டியில் உட்கார்ந்தபடியே படம் பார்க்கும் டிரைவ்-இன் திரையரங்கை நினைத்தால் எனக்கு அந்தப் பெரிய வெள்ளைத் திரை முதலில் வருவதில்லை. அந்தப் பாதிக் கண்ணாடிதான் வருகிறது. அந்த இடைவெளியில் படத்தின் சத்தம் வரும், கொசு வரும், மழை பிடித்தால் சாரலும் வரும். அதன்மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவரை அண்ணன் என்று கூப்பிட்டேன். உடன்பிறந்தவர் அல்ல. கப்பல் பட்டறையில் கிரேன் ஓட்டியவர். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, எந்த வேலையிலும் நிலைக்காமல் சுற்றிக்கொண்டிருந்த நான் அதே பட்டறையில் கொஞ்ச காலம் துரு சுரண்டினேன். பிறகு அந்த வேலையையும் விட்டேன். அவரை விடவில்லை.

ஒரு நாள் காலையில் கிரேன் ஏணியிலிருந்து விழுந்தார். இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. அதற்குமேல் அந்த நாளைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தார். சிராங்கூன் ரோட்டை ஒட்டிய சந்தில், ஒரு கடைவீட்டின் தரைத்தளப் பின்னறையில் அண்ணியோடு குடியிருந்தார். கெட்டுப்போன மின்விசிறிகளைச் சரிபார்த்துக் கொடுத்துப் பிழைத்தார். சாப்பாட்டில் குறை வந்தாலும் முணுமுணுக்கமாட்டார். படம் பார்க்காமல் மட்டும் அவரால் இருக்க முடியாது. அதனால் நானும் இன்னொருவனும் ஒருமுறை அவரைத் தூக்கிக்கொண்டு டவுனில் இருந்த தியேட்டரின் படிகளில் ஏறினோம். கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது. “பாவம், இவ்ளோ கஷ்டப்பட்டுப் படம் பாக்கணுமா? வீட்டுலயே இருக்கலாம்ல?” என்று ஓர் அம்மாள் சொன்னார். கெட்ட எண்ணத்தோடு சொன்னதல்ல. கெட்ட எண்ணமாக இருந்திருந்தால் அண்ணன் பதிலுக்கு நாலு வார்த்தை திட்டியிருப்பார். இடைவேளையில், “போதும்டா, கிளம்பு” என்றார். அன்றிலிருந்து தன்னை யாரும் தூக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார். தூக்காமல் தியேட்டருக்குள் போக வழியில்லை. ஆகவே படமும் இல்லை.

பிறகு நான் ஒரு வெங்காய மண்டிக்கு வேன் ஓட்டினேன். ஞாயிற்றுக்கிழமை வேனைக் கழுவிக் கொடுத்தால் சாயங்காலம் எடுத்துக்கொள்ளலாம் என்று முதலாளி சொன்னபோதுதான் டிரைவ்-இன் யோசனை வந்தது. அண்ணன் சக்கர நாற்காலியை வேன் கதவோரம் நிறுத்தி, கதவின் மேல்சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்து, ஊஞ்சல் போல ஓர் ஆட்டம் ஆடி இருக்கையில் விழுவார். பிறகு கால்களை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே வைப்பார். அதுவரை நானும் அண்ணியும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். முதல் நாள், திரை நன்றாகத் தெரிவதற்காக மேடாக்கிய மண்மீது முன்சக்கரத்தை ஏற்றி வேனை நிறுத்தியதும், அவர் திரையைப் பார்க்கவில்லை. இடப்பக்கமும் வலப்பக்கமும் வரிசையாக நின்ற கார்களைப் பார்த்தார். “டேய், எவனும் நடக்கலடா இங்க. அத்தனை பயலும் உக்காந்துதான் பாக்குறான்” என்றார். டிரைவ்-இன் என்றால் திறந்த வானம், குச்சியில் சுட்ட சாத்தே இறைச்சி வாசனை, காதலர்கள் என்று இப்போது பலரும் உருகி எழுதுகிறார்கள். இருக்கட்டும். நாங்கள் அதற்காகப் போகவில்லை.

பெரும்பாலும் சீனச் சண்டைப் படங்கள்தான். அண்ணன் ஒலிப்பெட்டியின் சத்தத்தைக் குறைத்துவிட்டுத் தமிழில் தானே வசனம் பேசுவார். வெள்ளைத் தாடிக்காரர் மூங்கில் உச்சியில் நின்று வாளை உருவினால், “எங் கோழியத் தின்னுட்டு மேல ஏறி நின்னா விட்டுருவேனாடா?” என்று கத்துவார். எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும் அண்ணி, “மெதுவாங்க, பக்கத்துக் கார்ல பாக்குறாங்க” என்பார். “பாக்கட்டும். அவனுக்கும் சேத்துத்தான் பேசுறேன்.”

ஒரு ஞாயிறு, முதல் காட்சி முடிந்து ஒலிப்பெட்டியைக் கம்பத்தில் திருப்பி மாட்டியபின் வேன் கிளம்பவில்லை. பேட்டரி இறங்கிவிட்டது. தள்ளினால்தான் பிடிக்கும். கிளட்சை மிதிக்க என் கால் வேண்டும், அதனால் நான் ஸ்டீரிங்கில். அண்ணி கீழே இறங்கி, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தள்ளினார். வேன் அசையவில்லை. பின்னாலிருந்த காரிலிருந்து ஒரு தடித்த ஆள் இறங்கி வந்தார். நம்ம தமிழ் ஆள்தான். அண்ணனின் முழங்கை கண்ணாடிமேல் சாவகாசமாக ஊன்றியிருப்பதைப் பார்த்ததும் அவருக்குக் கோபம் ஏறிவிட்டது.

“யோவ்! பொம்பள ஒத்தையா தள்ளுது, நீ மாப்ள மாதிரி உக்காந்திருக்க? சோம்பேறி! இறங்குய்யா!”

அண்ணி நிமிர்ந்தார். “இல்லண்ணே, அவருக்குக்...” என்று ஆரம்பித்தார். அந்தப் பேச்சை நாங்கள் மூவரும் நூறு இடத்தில் கேட்டிருக்கிறோம். அதன் முடிவில் எதிராளியின் முகம் எப்படி மாறும் என்பதும் தெரியும். அண்ணி முடிக்குமுன் அண்ணன் கண்ணாடி வழியே தலையை நீட்டி, இந்த ஊர்ப் பேச்சின் ‘லா’வையும் சேர்த்துக் கத்தினார்.

“எனக்கு இஷ்டமில்ல லா! அவ்ளோ அக்கறன்னா நீ தள்ளு!”

அந்த ஆள் கெட்ட வார்த்தையில் இறங்கினார். அண்ணனும் குறை வைக்கவில்லை. அண்ணி ஒரு கணம் அண்ணனைப் பார்த்தார். பிறகு ஆரம்பித்த பேச்சை விட்டுவிட்டு மறுபடி வேனில் கை வைத்தார். திட்டிக்கொண்டே அந்த ஆளும் தோள் கொடுத்தார். வேன் குலுங்கி உயிர் பிடித்தது. அண்ணி ஓடிவந்து ஏறிக்கொண்டார்.

வேன் ஜூரோங் ரோட்டில் ஏறியது. பிறகு அண்ணன் சிரிக்கத் தொடங்கினார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “சோம்பேறின்னான்டா என்னை! கேட்டியா நீ?”

“என் கை எரியுது. உங்களுக்குச் சந்தோஷமா?” என்றார் அண்ணி.

“ரொம்ப.”

அண்ணியும் சிரித்துவிட்டார். உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த ஆள் மன்னிப்புக் கேட்டிருப்பாரே என்று இந்தக் கதையைக் கேட்டவர்கள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். கேட்டிருப்பார். வழியும் விட்டிருப்பார். விழுந்த நாளிலிருந்து அண்ணனுக்கு மன்னிப்பும் வழியும் ஊரெல்லாம் கிடைத்துக்கொண்டுதான் இருந்தன. கால் உள்ளவனுக்குக் கிடைக்கிற ஒரு நல்ல திட்டு மட்டும் கிடைக்கவே இல்லை. அன்று சண்டை போட்டு அதை வாங்கினார். அதைத் திருப்பிக் கொடுக்கச் சொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது?

அந்தத் திரையரங்கை மூடிவிட்டார்கள். சில ஆண்டுகளில் அண்ணனும் போய்விட்டார். நான் இப்போது சாங்கியில் சரக்கு வேன் ஓட்டுகிறேன். முட்டி தேய்ந்துவிட்டது, ஆனாலும் ஓட்டுகிறேன். அண்மையில் ஒரு கார் நிறுத்துமிடத்தில் சில நாளைக்கு மட்டும் டிரைவ்-இன் நடத்துகிறார்கள் என்று கேள்விப்பட்டு அண்ணியை அழைத்துப் போனேன். சத்தமெல்லாம் இப்போது வண்டியின் ரேடியோவில் வருகிறது. எல்லாரும் கண்ணாடியை முழுக்க ஏற்றி ஏர்கானில் உட்கார்ந்திருந்தார்கள். அங்கே வேலை பார்க்கும், பளபளக்கும் சட்டை போட்ட பையன் ஒருவன் வந்து, என் பக்கத்துக் கண்ணாடியை இறக்கச் சொல்லி, அண்ணியின் கைத்தடியைப் பார்த்துவிட்டுக் குனிந்தான். நல்ல பையன்தான்.

“பாட்டி, ஓகேவா? இவ்ளோ சிரமப்பட்டு வந்தீங்களா? இந்தப் படம் ஆன்லைன்லயே இருக்கு. வீட்டுலயே கம்ஃபர்ட்டபிளா பாக்கலாம்ல?”

அண்ணி அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

“எனக்கு இஷ்டமில்ல லா” என்றார்.

பையன் சிரித்துக்கொண்டே நகர்ந்தான். அண்ணி பொத்தானை அழுத்திக் கண்ணாடியைப் பாதிக்கு இறக்கி, அதன்மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டார். கொசு வந்தது. நான் ஏர்கானை அணைத்தேன்.