தூங்கும் மாமனார் படம்

என் சித்தப்பா ஒரு படம் வரைந்ததால் அவருடைய கல்யாணமே நின்றுபோக இருந்தது. எனக்கு அப்போது ஒன்பது வயது. வாய்க்கு மட்டும் தொண்ணூறு என்பாள் அம்மா.

எண்பதுகளின் தொடக்கம் அது. செஞ்சி நூலகத்தில் உள்ளூர் ஓவியர்களின் படங்களைக் கண்காட்சியாக வைப்பதென்று நூலகர் முடிவு செய்தார். ஓவியர்கள் என்றால் பெரிய ஆட்கள் இல்லை. பள்ளிக்கூடத்து டிராயிங் மாஸ்டர், மாட்டுவண்டிக்குப் பெயின்ட் அடிப்பவர், கடைகளுக்குப் போர்டு எழுதும் என் சித்தப்பா, இன்னும் நாலைந்து பேர். எல்லாரும் சொல்லிவைத்த மாதிரி ராஜகிரிக் கோட்டையையே வரைந்து கொண்டுவந்துவிட்டார்கள். பார்க்க வந்த ஒருவர், "இன்னாத்துக்கு இத்தினி கோட்டை? அதான் அங்கியே நிக்குதே" என்று ஜன்னலைக் காட்டினார்.

சித்தப்பா மட்டும் கோட்டை பக்கம் போகவில்லை. பத்து நாள் சாயங்காலம் நூலகத்தில் போய் உட்கார்ந்து, அங்கே தினமும் பேப்பரைப் பிடித்தபடியே தூங்கிப்போகும் ஒரு பெரியவரை வரைந்திருந்தார். வாய் பாதி திறந்திருக்கும். கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்கியிருக்கும். குறட்டை ஒன்றுதான் பாக்கி. அவர் யார், எந்த ஊர் என்று சித்தப்பாவுக்குத் தெரியாது. கேட்டுக்கொள்ளவும் இல்லை.

சித்தப்பாவுக்கு அதற்குள் மூன்று சம்பந்தம் தட்டிப்போயிருந்தது. போர்டு எழுதுகிறவனுக்கு எவன் பெண் கொடுப்பான்? நாலாவதாக, சிங்கவரத்தில் ஒரு பெண்ணைக் கோயிலில் பார்த்து, அவளுடைய தாயாரோடு அம்மா பேசியிருந்தாள்; அப்பா தள்ளி நின்றதோடு சரி. பெண்ணின் அப்பா மாப்பிள்ளையைப் பார்த்துச் சரி என்று சொல்லவேண்டியதுதான் மிச்சம். கண்காட்சிக்கே வந்து பார்த்துக்கொள்கிறேன் என்று அவர் சொல்லியனுப்பியிருந்தார். இதுவும் தட்டிப்போனால் இனிமேல் யாரும் கல்யாணப் பேச்சே எடுக்கக் கூடாது என்று சித்தப்பா தன் அண்ணனான என் நைனாவிடம் கறாராகச் சொல்லிவிட்டார்.

அன்றைக்குக் காலையில் நூலக வாசலில் ஒருவர் சைக்கிளை நிறுத்தினார். "அவருதான், பொண்ணோட அப்பா" என்று அம்மா சித்தப்பாவை இடித்தாள். எட்டிப் பார்த்த சித்தப்பாவின் முகத்தில் ஈயாடவில்லை.

"ஐயோ அண்ணி, அந்த ஆளத்தான் தூங்கவச்சி செவுத்துல மாட்டியிருக்கேன்."

படத்தைக் கழற்றவும் வழியில்லை. தாசில்தார் வந்து பார்த்துவிட்டுப் போகும்வரை எதையும் தொடக் கூடாது என்று நூலகர் சொல்லியிருந்தார். சித்தப்பா புத்தக அலமாரிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டார். அம்மா என்னைப் படத்தின் பக்கம் தள்ளினாள். "மறைச்சிக்கினு நில்லுடி. இன்னா கேட்டாலும் வாயத் தொறக்காத."

இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றேன். என் உயரத்துக்கு, படத்தில் நாற்காலியின் கால்கள்தான் மறைந்தன.

அவர் கோட்டைகளையெல்லாம் தாண்டி நேராக என் எதிரே வந்து நின்றார். என் தலைக்கு மேலே பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் கிராமக் கணக்குப்பிள்ளையாக இருந்தவர், அந்த வேலையைச் சர்க்கார் மொத்தமாக எடுத்துவிட்ட பிறகு அதை எதிர்த்துக் கோர்ட்டில் போட்ட கேஸ் என்ன ஆனது என்று பார்க்கத்தான் தினமும் பேப்பருக்கு வந்தார் என்பதெல்லாம் நான் பிற்பாடு கேள்விப்பட்டது. அப்போது அவர் முகம் சுருங்கியதுதான் எனக்குத் தெரிந்தது. பின்னால் யாரோ இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"இது நான்தான?" என்றார்.

சித்தப்பாவை எப்படியாவது காப்பாற்றியாக வேண்டும். அம்மா சொன்னது மறந்துபோய்விட்டது.

"நீங்க இல்ல தாத்தா. இவரு சொக்கா நல்லா இருக்குது பாருங்க. உங்குளுதுதான் காலர்ல கிழிஞ்சிருக்குது."

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அவர் கை தன்னால் கழுத்துக்குப் போனது. காலர் நைந்து, வேறு நிற நூலால் இரண்டு மூன்று இடத்தில் தைத்திருந்தது. படத்தில் இருந்த சட்டையில் ஒரு தையல்கூட இல்லை. அவர் என்னை ஒதுக்கிவிட்டுக் கிட்டே போய் அந்தக் காலரை மட்டும் பார்த்தார்.

"எத்தினி நாளு வரைஞ்சாரு உங்க சித்தப்பா?"

"பத்து நாளு. உங்க எதுக்கவே உக்காந்துக்கினு" என்று உளறிவிட்டேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்தார். துடைத்து முடிக்க வெகுநேரம் ஆனது. பிறகு அம்மாவிடம் திரும்பி, "வெள்ளிக்கெழம பொண்ணு பாக்க வந்துடுங்கம்மா" என்றார். "மாப்பிள்ளைய அலமாரிக்குப் பின்னாலருந்து வரச் சொல்லுங்க."

அப்பாடா என்றிருந்தது எனக்கு. ஒன்பது வயதுக்குள் அவ்வளவு பெரிய அப்பாடா எனக்கு வந்ததே இல்லை. தலையில் ஒட்டடையோடு வெளியே வந்த சித்தப்பாவைப் பார்த்து அம்மா சிரித்தாள், சிரித்துக்கொண்டே கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

அவர் போன பிறகு சித்தப்பா என்னைக் கடைத்தெருவுக்குக் கூட்டிப்போய்ப் பன்னீர் சோடா வாங்கிக் கொடுத்தார். "கிழிசல விட்டுட்டு வரைஞ்சிட்டியே சித்தப்பா, அவரு கண்டுபுடிச்சிட்டாரு" என்றேன். சித்தப்பா என் தலையில் கையை வைத்தபடி நின்றார். தப்பாக வரைந்தவருக்குப் போய்ப் பெண்ணைக் கொடுக்கிறாரே, பாவம், நன்றாக ஏமாந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டு மிச்ச சோடாவைக் குடித்தேன்.