கறுப்பியைப் பார்க்க வந்தவர்கள்

ரோட்டில் அடிபட்டுக் கிடந்த கறுப்பியை, தத்தெடுக்க ஆள் கிடைக்கும்வரை மட்டும் வைத்துக்கொள்வதாகச் சொல்லித்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

இன்று காலை ஆள் வந்துவிட்டது. நாகமலை புதுக்கோட்டையிலிருந்து காரில் ஒரு தம்பதி. பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி சோபாவின் நுனியில் உட்கார்ந்தார்கள்.

"கடிக்குமாண்ணே?" என்றார் கணவர்.

எனக்கோ கொடுக்க மனசே இல்லை. "செருப்பு ஒண்ணு விடாது. ராத்திரியெல்லாம் ஊளை வேற" என்று அள்ளிவிட்டேன்.

"சாப்பாடு எப்படிண்ணே? நாங்க சைவம்."

விடுவேனா? "அய்யய்யோ! எலும்பு இல்லாட்டி இது தட்டுல வாயே வைக்காதே!"

அந்த அம்மா கைப்பையிலிருந்து டப்பாவை எடுத்துத் தயிர்சாதத்தை நீட்டினார். கறுப்பி சாதத்தைத் தின்றுவிட்டு டப்பாவையும் துடைத்து வைத்தது.

அடுப்படியிலிருந்து என் மனைவி: "என்னையப் பொண்ணு பாக்க வந்தன்னைக்குக்கூட நீங்க இம்புட்டுப் பொய் சொல்லலையே!"

வாசலில் கார்க் கதவு திறந்ததுதான் தாமதம். கறுப்பி தானாகவே ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டது. வழியனுப்ப வந்தவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நாய் நன்றியுள்ள பிராணி என்று பேசித் திரிகிறவர்கள் கமெண்டுக்கு வாருங்கள். உங்களிடம் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.