மைதானத்தில் கத்தக் கூடாது

ஓடிப் பழகிய பெண்ணுக்கு ஊரில் நடக்கும் காரியங்களில் பாதி பிடிக்காமல் போய்விடுகிறது. மண்ணெண்ணெய் வரிசையில் பின்னால் நிற்பவர் முழங்கையால் இடித்துக்கொண்டு முன்னால் போகும்போது, இதே கூடைப்பந்து மைதானமாக இருந்தால் விசில் ஊதி வெளியே உட்கார வைத்திருப்பார்களே என்று எரிச்சலாக வரும். முகூர்த்தம் முடியப்போகிற நேரத்தில் மாப்பிள்ளை சவரம் செய்துகொண்டிருந்தால், ஓட்டப்பந்தயத்தில் இவரை வரிசையிலேயே நிற்க விட்டிருக்க மாட்டார்கள் என்று வாய்வரைக்கும் வரும். சொல்வதில்லை. படித்த பெண் இப்படிப் பேசலாமா என்ற யோசனை வந்து வாயை அடைத்துவிடும். வீட்டுக்கு வந்து, சொல்லியிருக்கலாமோ என்று நினைத்துக்கொண்டே அரிசி களைவேன்.

மதுரையில் கல்லூரியில் படித்தபோது நான் இருநூறு மீட்டர் ஓடினேன், பூப்பந்து ஆடினேன். கல்யாணமாகிக் கொடைக்கானலுக்கு வந்தபோது பெட்டியில் புடவைகளுக்கு நடுவே மட்டையையும் சில மஞ்சள் பந்துகளையும் வைத்துக் கொண்டுவந்தேன். இந்த ஊர் பூப்பந்துக்கு ஆகாது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. அது கம்பளி நூலில் செய்த பந்து. இங்கே எல்லாரும் மிஸ்ட் என்று சொல்லும் மூடுபனியைக் குடித்துக் குடித்து, நனைந்த காலுறை மாதிரி கனத்துவிடும். மட்டையில் பட்டால் பொத்தென்று விழும். குழந்தை பிறந்த பிறகு, மழைக்காலத்தில் காயாத அவன் துணிகளைக் கரியடுப்பின் மேல் கூடையைக் கவிழ்த்துப் போட்டு உலர்த்துவேன். அந்தக் கூடையின் ஓரத்தில் பந்துகளையும் வைத்துப் பார்த்தேன். ஒன்று கருகி, வீடு முழுக்க மயிர் பொசுங்கிய நாற்றம். என் கணவர் தபால் ஆபீசில் வேலை பார்ப்பவர், எதற்கும் குரலை உயர்த்தாதவர். ஜன்னலைத் திறந்துவிட்டு, "ஒண்ணு புள்ளைய வளர்ப்போம், இல்ல பந்த வளர்ப்போம்," என்றார். அன்றோடு மட்டை பரண் மேல் போயிற்று.

ஆக, விளையாட்டு என்று எனக்கு மிச்சம் இருந்தது என் பையன் மட்டும்தான்.

அவனைப் பற்றி நான் பட்ட கவலைகளுக்கு ஒழுங்கே கிடையாது. மெலிந்த உடம்பு. குளிர் தொடங்கினால் மூக்கு ஒழுகும். டாக்டர், "நல்லா ஓட விடுங்க, நெஞ்சு விரியும்," என்றார். பக்கத்து வீட்டு அக்கா அவன் பள்ளிக்கூடத்து ஹாஸ்டல் சமையலறையில் வேலை பார்ப்பவர். அவர், "ஓடுனா வேர்க்கும், வேர்த்தா சளி புடிக்கும். பச்சப் புள்ள, அவன் பாட்டுக்குக் கெடக்கட்டும் தங்கச்சி," என்பார். டாக்டர் பேச்சைக் கேட்டு அவனை ஓட விடுவேன். அக்கா பேச்சைக் கேட்டு ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவும் மாட்டி ஓட விடுவேன். அவன் வெந்த முகத்தோடு வந்து நிற்பான். உடனே எனக்கு வேறொரு கவலை தொடங்கும்.

அவன் இரண்டாம் வகுப்பில் இருந்த வருஷம், விளையாட்டு விழாவுக்கு முன்னால் பள்ளியில் ஒத்திகை ஓட்டம் வைத்தார்கள். பெற்றோர் வர வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. நான் கேரட் வாங்கப் பையோடு கிளம்பினேன். மைதானம் கடைக்குப் போகிற வழியில் இல்லை. வழியாக்கிக்கொண்டேன். அவன் நன்றாகத்தான் புறப்பட்டான், ஆனால் காலைத் தரையில் தேய்த்துத் தேய்த்து ஓடினான். எனக்குப் பொறுக்கவில்லை.

"முழங்காலத் தூக்குடா! கைய வீசு! அங்கிட்டு இங்கிட்டு பாக்காத, நேரா பாரு!"

நேராகப் பார் என்று கத்துவது யார் என்று திரும்பிப் பார்த்தான். பார்த்தபடியே ஓடிப் பக்கத்துப் பையன் மேல் மோதினான். இரண்டு பேரும் விழுந்தார்கள்.

சாயங்காலம் பாலைக் குடித்துவிட்டுத் தம்ளரைக் கீழே வைத்தவன் சொன்னான்: "அம்மா, நீ ஸ்போர்ட்ஸ் டேக்கு வர வேணாம்."

"ஏண்டா?"

"நீ கத்துவ."

"கத்தலடா. சொல்லித்தான குடுத்தேன்."

"கிளாஸ்ல எல்லாரும் என்னைய முழங்காலுன்னு கூப்புடுறாய்ங்க. மிஸ்ஸும் சிரிச்சுட்டாங்க."

எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. கணவரிடம் போனேன். அவர் கணப்பு மூட்டச் செய்தித்தாளைக் கிழித்துக்கொண்டிருந்தார். கிழித்தது விளையாட்டுப் பக்கம், நான் இன்னும் படிக்காதது.

"என்னங்க, பெத்த புள்ள ஓடுறத நான் பாக்கக் கூடாதா?"

"பாக்க வேணாம்னு அவன் சொல்லலையே. கத்த வேணாங்கிறான்."

"கத்தாம எப்படிங்க பாக்குறது?"

"நான்லாம் பாக்குறேன்ல," என்றார்.

அவர் பார்ப்பார். கோவில் தேரையும் கால்பந்தாட்டத்தையும் ஒரே முகத்தோடு பார்ப்பார். வாயை மூடிக்கொண்டு பந்தயம் பார்ப்பவர்களை எனக்கு என்றுமே புரிந்ததில்லை. ரேடியோவில் கிரிக்கெட் வர்ணனை கேட்டாலே நான், ஓடு ஓடு என்று ரேடியோவைப் பார்த்துச் சொல்கிறவள். ஆனாலும் அந்த வாரம் முழுக்க எனக்கு உறுத்தியது. என் ஆசையை ஏழு வயதுப் பிள்ளையின் காலில் கட்டி ஓட விடுகிறேனோ? சரி, போகாமலே இருந்துவிடலாம். போகாவிட்டால் அம்மாவுக்கு அக்கறையில்லை என்று பின்னால் நினைப்பானோ? தோசை வார்க்கும்போது போகலாம் என்று தோன்றும். திருப்பிப் போடும்போது வேண்டாம் என்று தோன்றும்.

கடைசியில் அவனிடமே போய் நின்றேன். அவன் வக்கீல் மாதிரி நிபந்தனை போட்டான்.

"கத்தக் கூடாது."

"கத்தல."

"பேரும் சொல்லக் கூடாது."

"சொல்லல."

"கைய ஆட்டக் கூடாது."

"அதுவும் இல்ல. போதுமா?"

"சத்தியம் பண்ணு."

பண்ணினேன். அவன் அப்பாவைப் பார்த்து, "அப்பா, நீ பாத்துக்கணும்," என்றான். "நான் பக்கத்துலயே நிக்கிறேன்டா," என்றார் அவர். எனக்குக் காவல்.

விழா அன்று காலையில் வெயில் பளிச்சென்று இருந்தது. வெள்ளனே எழுந்து அவன் வெள்ளைக் கான்வாஸ் ஷூவுக்குச் சாக்கட்டி பூசினேன். மைதானம் சரிவை வெட்டிச் சமப்படுத்திய இடம். மேல்பக்கம் யூகலிப்டஸ் மரங்கள், ஒரு ஓரத்தில் ஹாஸ்டல் சமையல் கொட்டகை, கீழ்ப்பக்கம் வேலியில்லாத புல் சரிவு. பெரிய வகுப்புகள் ஓடி முடித்தன. இரண்டாம் வகுப்பை வரிசையில் நிறுத்தும்போது மரங்களுக்குள்ளிருந்து மிஸ்ட் இறங்கியது. கொடிக்கம்பம் போயிற்று. விருந்தாளிகளின் நாற்காலிகள் போயின. முடிவுக் கோட்டில் கயிறு பிடித்து நின்ற இரண்டு பெரிய பெண்களில், ஒருத்தி மட்டும்தான் எனக்குத் தெரிந்தாள்.

"நிறுத்திரலாம் சிஸ்டர்," என்றார் ஒரு தகப்பனார்.

கான்வென்ட்டின் தலைமை சிஸ்டர் கம்பளிச் சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டார். "மிஸ்ட்டுக்குப் பயந்தா இந்த ஊர்ல ஸ்கூலே நடத்த முடியாதுங்க. சீஃப் கெஸ்ட் பஸ்ஸுக்குப் போகணும். வெரசா முடிச்சிரலாம்."

வெள்ளைக்குள்ளிருந்து விசில் கேட்டது. பிறகு சின்னக் கால்களின் சத்தம். கயிற்றுப் பக்கம் நின்ற அம்மாக்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் தொடங்கினார்கள்.

"பாப்பா, அம்மா இங்க இருக்கேன்!"

"ஏலே, இங்கிட்டு! இங்கிட்டு வாடா!"

"தங்கம், நேரா வா!"

நான் முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டேன். பிள்ளைகள் ஒவ்வொன்றாக வெள்ளையைக் கிழித்துக்கொண்டு வந்தார்கள். கயிற்றை நோக்கி வரவில்லை, அவரவர் அம்மாவின் குரலை நோக்கி வந்தார்கள். ஒரு பையன் கயிற்றைத் தொடாமலே அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டான். அவனுக்கு இரண்டாமிடம் என்றார்கள். சத்தம் ஓய்ந்தது. என் பையன் வரவில்லை.

முந்தானையை எடுத்துவிட்டேன். "என்னங்க, கூப்புடட்டுமா?"

"சத்தியம் பண்ணிருக்க," என்றார். அப்புறம் அவருக்கே முகம் மாறியது. "இரு, வந்துருவான்."

எனக்கு அந்தப் புல் சரிவுதான் கண்ணில் நின்றது. அவன் அங்கே உருண்டு கிடக்க, அம்மா வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொண்டு நிற்கிறாள். சத்தியமாவது ஒன்றாவது என்று மூச்சை இழுத்தேன். அப்போது பக்கத்து வீட்டு அக்கா கையில் கரண்டியோடு மிஸ்டுக்குள்ளிருந்து வந்தார். மற்றொரு கையில் என் பையன்.

"ஏம்மா, ஒம் மகன் சோத்துப் பானைக்கா பந்தயம் ஓடுனான்? நேரா என் அடுப்படில வந்து நிக்கிறான்!"

எல்லாரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. என் கையை உதறிவிட்டு நின்றான். உதடு துடித்தது.

"ஏம்மா கத்தல?"

"நீதானடா கத்தக் கூடாதுன்ன? சத்தியம்லாம் வாங்குன?"

"அது வெயிலடிச்சா! மிஸ்ட்டுன்னா கத்தணும்ல? எல்லா அம்மாவும் கத்துனாங்க. ஒன் சத்தம் எங்கயுமே இல்ல. நீ இருக்குற பக்கம் எதுன்னு நான் எப்படிக் கண்டுபுடிக்கிறது?"

கத்தினால் குற்றம், கத்தாவிட்டால் குற்றம். யார் மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. அவன் மேலா, சத்தியத்துக்குச் சாட்சி நின்ற இவர் மேலா, விதிமுறையில்லாமல் பந்தயம் நடத்திய சிஸ்டர் மேலா? நேராகச் சிஸ்டரிடம் போனேன். ஒரு தடவையாவது வீட்டுக்குப் போய் நினைத்துக்கொள்ளாமல் அங்கேயே சொல்லிவிடுவது என்று.

"சிஸ்டர், இது செல்லாதுங்க. கோடு எங்க இருக்குன்னே தெரியாம ஓடிருக்காங்க. அவங்கவங்க அம்மா குரல் கேட்ட எடத்துல போயி நின்னுருக்காங்க. ஒரு பொண்ணு இன்னும் கொடிக்கம்பத்துக்கிட்ட நின்னு அழுகுது, கேக்குதா?"

"ஏம்மா, இதென்ன ஒலிம்பிக்ஸா? சின்னப் பிள்ளைங்க ஓட்டம்."

"சின்னப் பிள்ளைங்கன்னா கோடு வேணாமா சிஸ்டர்?"

சொன்ன பிறகுதான் யோசனை வந்தது. பையனுக்கு இன்னும் எத்தனை வருஷம் இந்தப் பள்ளியில் இருக்கிறது! சிஸ்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"சரி. இன்னொரு தடவ ஓடட்டும். ஆனா கயித்துக்கிட்ட ஒரே ஒரு குரல்தான் இருக்கணும். நீங்களே நின்னு கூப்புடுங்க. மத்த அம்மாமாரு யாரும் வாயத் தெறக்கக் கூடாது."

கயிற்றின் நடுவில் போய் நின்றேன். எதைச் சொல்லிக் கூப்பிடுவது? அவன் பேரைச் சொன்னால் அது நியாயமில்லை. எல்லார் பேரையும் சொல்ல நேரமில்லை. விசில் கேட்டது. "இங்க! இங்க! இங்க!" என்று கத்தினேன். முழங்கால் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது, விழுங்கினேன். ஒரு வாரமாக அடக்கிவைத்த குரல். யூகலிப்டஸ் மரங்களிலிருந்து காக்கைகள் எழும்பிப் போனது கேட்டது. அத்தனை பிள்ளைகளும் ஒரு கொத்தாக வெள்ளையிலிருந்து வெளியே கொட்டினார்கள். கயிறு என் வயிற்றில் அழுந்தியது. என் பையன் நாலாவது. பரிசு மூன்று பேருக்குத்தான்.

"உங்களுக்கு மைக்கே வேணாம்மா," என்றார் சிஸ்டர். பாராட்டா, குத்தலா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் அவன் காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்து வந்தான். அப்புறம், "எல்லாருக்கும் கத்துன," என்றான்.

"பின்ன? ஒனக்கு மட்டும் கத்தவா அங்க நிறுத்துனாங்க?"

"எனக்கு மட்டும் தெரியிற மாதிரி கத்திருக்கலாம்ல? அதான் நாலாவது."

என் கணவர் தோள் குலுங்கச் சிரித்தார்.

"நீங்க சிரிக்காதீங்க," என்றேன். தொண்டை கட்டிப்போயிருந்தது. பையன் பக்கம் திரும்பினேன். "இப்பவே சொல்லிரு. அடுத்த வருஷம் நான் வரவா, வேணாமா?"

"யோசிச்சுச் சொல்றேன்," என்றான், அச்சாக அவன் அப்பா மாதிரி.

வீடு வரைக்கும் யோசித்தான். வெந்நீரில் கால் கழுவிவிடும்போது கேட்டேன். இன்னும் யோசிக்கிறேன் என்றான். மறுநாள் காலையில் பள்ளிக்குக் கிளம்பி, பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று சொன்னான்: "வா. மிஸ்ட்டு இருந்தா கத்து. வெயிலடிச்சா சும்மா நில்லு. நடுவுல இருந்தா என்கிட்ட கேட்டுட்டுக் கத்து."

ஓடிக்கொண்டிருக்கிறவனிடம் எப்படிக் கேட்பது என்று நான் கேட்பதற்குள் தெரு முனையில் திரும்பிவிட்டான்.