சேஸிஸ் நம்பரைக் காணவில்லை

என் காருக்கு இந்த வெள்ளியோடு பதினைந்து வருடம் முடிகிறது. ஆர்.சி.யைப் புதுப்பித்தால்தான் இனி ஓட்டலாம். அதற்கு வண்டியை நேரில் கொண்டுபோய்க் காட்ட வேண்டும்.

பார்ப்பவர் குறை சொல்லிவிடக் கூடாதே என்று, பூந்தமல்லியில் பெயின்ட் பட்டறை வைத்திருக்கும் பஷீர் பாயிடம் ஒரு வாரம் விட்டேன். பளபளவென்று திருப்பிக் கொடுத்தார்.

இன்று காலை ஆர்.டி.ஓ. ஆபீஸ். இன்ஸ்பெக்டர் அந்தப் பளபளப்பை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பானெட்டைத் திறக்கச் சொன்னார். உள்ளே தகட்டில் பொறித்திருக்கும் சேஸிஸ் நம்பர் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தார். தாள் முழுக்கக் கறுத்தது. ஓர் எண்கூட எழவில்லை.

"வண்டி புதுசாட்டம் இருக்கு சார். ஆனா நம்பர் இல்லாம, இது உங்க வண்டிதான்னு நான் எப்படி எழுதுறது?"

"பதினஞ்சு வருஷமா நான்தான் சார் ஓட்டுறேன்."

"எல்லாரும் அப்படித்தான் சார் சொல்றாங்க."

அங்கேயே நின்று பாய்க்குப் போன் போட்டேன்.

"அந்த எடத்துல துரு ஏறிக் கீதேன்னு பட்டி போட்டு, மேல பெயின்ட் அடிச்சுட்டேன் சார். நீங்கதான ஒரு பொட்டு துரு கண்ணுல படக் கூடாதுன்னீங்க?"

சொன்னேன்தான். கத்தக்கூட வழியில்லை.

மறுபடி பட்டறைக்கே போகிறது வண்டி. சுரண்டுகிற சுரண்டலில் எண்ணும் சேர்ந்து போய்விடாமல் இருக்க வேண்டும்.

திருநின்றவூர் ஸ்டேஷன் வரை என்னிடம் லிஃப்ட் கேட்டு வந்த நண்பர்களே, வெள்ளிக்கிழமைக்குள் சாட்சி சொல்ல யாராவது வருகிறீர்களா?