பேல் என்றே எழுதினேன்

இருபது பெண்களுக்கு முன்னால் செல்வலட்சுமி என் மானத்தை வாங்கியதை ஏழு வருடமாக நான் மறக்கவில்லை.

சின்னக்கானல் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் நான் சூப்பர்வைசர். படிப்பு ஆறாம் வகுப்போடு சரி. எங்கள் டிவிஷனிலிருந்து ஆஸ்பத்திரி தூரம். யாருக்காவது உடம்பு முடியவில்லை என்றால் நான் சீட்டு எழுதுவேன். கொழுந்து ஏற்றும் டிராக்டரில் சீட்டு மட்டும் கீழே போகும், மாத்திரை மேலே வரும். கம்பவுண்டர் மலையாளி, தமிழ் வாசிக்க வராது. அதனால் ஆள் பார்க்க எப்படி இருக்கிறது என்று இங்கிலீஷில் ஒரு வார்த்தை போட வேண்டும். எனக்குத் தெரிந்தது ‘பேல்’ ஒன்றுதான்.

செல்வலட்சுமி பன்னிரண்டு வரை படித்தவள். அம்மா இறந்ததும் அவள் பார்த்த கொழுந்து கிள்ளும் வேலைக்கு வந்தாள். ஒருநாள் கொழுந்து நிறுக்கும் இடத்தில் என் சீட்டுக்கட்டைப் பிடுங்கிப் பார்த்தாள்.

“சுருளியண்ணே, எல்லாரையும் பேல்னே எழுதி வச்சிருக்கீக? ரத்தமில்லாம வெளுத்திருந்தாத்தான் பேல். மஞ்சப் பாஞ்சிருந்தா சாலோ. சாம்பல் பூத்துப் போனா ஆஷன், அது ரொம்ப மோசம். ஒங்க பேனாவுல ஒரே சொல்லுதான் வருமோ?”

பெண்கள் சிரித்தார்கள்.

“போடி டாக்டரம்மா, கொழுந்தக் கிள்ளு” என்றேன். மூன்று சொல்லும் அன்றைக்கே மனதில் ஏறிவிட்டன. எழுதத்தான் மாட்டேன் என்று இருந்தேன்.

போன ஆடி மழையில் அவள் படுத்துவிட்டாள். அவள் குடியிருந்த லயத்து வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். மஞ்சள் பூசாமலே முகம் மஞ்சளாக இருந்தது, கண்ணும் அப்படித்தான். சாலோ என்று எனக்குத் தெரியும். அவள் சொன்னதை அவளுக்கே எழுதுவதா என்று வீம்பு. பேல் என்று எழுதி அனுப்பினேன். ரத்தம் ஊற இரும்பு மாத்திரை வந்தது. மூன்று வாரம் அதையே விழுங்கினாள். வாரத்துக்கு ஒன்றாக மூன்று சீட்டும் என் கையெழுத்து.

அதன்பிறகு கொண்டுபோன தேனி ஆஸ்பத்திரியில், கல்லீரல் கெட்டுவிட்டது, முன்னமே கொண்டுவந்திருக்கலாம் என்றார்கள். அவள் கட்டில் பக்கத்தில் நின்று சொல்லிவிட்டேன்.

“தெரிஞ்சேதான் மாத்தி எழுதினேன், தாயி.”

“அப்ப நான் சொன்னத மறக்கலயா நீங்க?” என்று சிரிக்கப் பார்த்தாள்.

அவள் என்னிடம் கடைசியாகக் கேட்டது ஒரு லீவு சீட்டு. சட்டைப்பையிலிருந்து சீட்டுக்கட்டை எடுத்து, சாலோ என்று எழுதப் போனேன். செல்போனில் தன் முகத்தைப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்தாள்.

“அதெல்லாம் தாண்டிப் போச்சுண்ணே. இந்தத் தடவையாச்சும் மூஞ்சியப் பாத்து எழுதுங்க. ஆஷன்.”