கால் நீட்டாத மரியாதை

2007இல் எடுத்த காப்பீட்டுப் படிவத்தில் டாக்டர் ரமீஸாவின் தொழிலுக்கு நேரே இப்படி இருந்தது: ‘அமர்ந்து செய்யும் அலுவல். உடலுழைப்பு இல்லை.’ எழுதியவர் புதுவாயல் கூட்டுச்சாலையில், மருந்துக்கடை மாடியில் இருந்த அந்தப் பல் கிளினிக்கிற்கு வந்தவரில்லை. வந்திருந்தால், முப்பத்தொன்பது வயது டாக்டர் ஒருவர் நோயாளியின் வாய்க்குள் எட்டிப் பார்ப்பதற்காக இடுப்பை ஒருபக்கமும் கழுத்தை மறுபக்கமும் திருகிக்கொண்டு நிற்பதைக் கண்டிருப்பார். உட்கார ஸ்டூல் இருந்தது. அதில் பஞ்சு டப்பா உட்கார்ந்திருந்தது.

நாற்காலியைக் குறை சொல்ல முடியாது. பெடலை மிதித்தால் கட்டிலாகிவிடும். படுக்கத்தான் ஆளில்லை. சிப்காட்டில் பழுத்த இரும்பை இடுக்கியால் இழுப்பவர்களும் லாரிக்கு அடியில் மல்லாந்து கிடப்பவர்களும், டாக்டர் எதிரில் மட்டும் காலை நீட்ட மறுத்தார்கள். வற்புறுத்திச் சாய்த்தாலும் தலையைத் தூக்கிக்கொண்டே இருந்தார்கள்.

“படுங்கண்ணே,” என்றார் ரமீஸா, ரோலிங் மில் தேசப்பனிடம். ரூட் கெனாலுக்கு வந்திருந்தார்.

“இன்னா டாக்டரம்மா, உங்க எதிர்ல காலை நீட்டிக்கினு கெடந்தா நல்லாவா இருக்கும்? பூட்ஸெல்லாம் ஒரே கரி.”

“கழட்டிட்டுப் படுங்க.”

“கழட்டுனா இன்னும் பேஜாரு. சாக்ஸு மூணு நாளு ஆச்சு.”

“பல்லு வலின்னு வந்தியா, மரியாத செய்ய வந்தியா?” என்றார் உதவியாளர் மேரி.

தேசப்பன் நிமிர்ந்தே உட்கார்ந்தார். ரமீஸா வளைந்தார். பாதி வேலையில் வாய்க் கண்ணாடி கைநழுவி தேசப்பன் மடியில் விழுந்தது. ரமீஸாவின் வலது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மரத்துப் போயிருந்தன. மிச்சத்தை அடுத்த வாரம் பார்க்கலாம் என்று அனுப்பிவைத்தார்.

சென்னையில் எலும்பு டாக்டர் ரமீஸாவின் கழுத்துப் படத்தை விளக்குக்கு நேரே பிடித்தார். கழுத்தெலும்பு நரம்பை நெரிக்கிறது. இப்படியே வளைந்து வேலை செய்தால் விரல்கள் சொன்னபடி கேட்காது, கிளினிக்கை மூட வேண்டியதுதான் என்றார். நோயாளிகளுக்குத் தினமும் ‘அசையாமல் இருங்கள்’ என்று சொல்பவரால் அன்று ஒரு நிமிடம் அசையாமல் இருக்க முடியவில்லை. திரும்பும் ரயிலில் மூன்று முறை இடம் மாறினார். இன்று விழுந்தது கண்ணாடி. நாளை விழுவது சுழலும் டிரில்லாக இருந்தால், அடியில் யார் நாக்கோ இருக்குமே?

அந்த வாரம் தைலம் மாற்றினார், தலையணை மாற்றினார், கழுத்துப்பட்டை போட்டுப் பார்த்தார். பட்டையைக் கண்ட நோயாளிகள், “பாவம், டாக்டரம்மாவுக்கு ஒடம்பு முடியல,” என்று முன்னிலும் மரியாதையாக நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலை மேரி துடைப்பதற்காக நாற்காலியைத் தட்டையாக்கிய நேரத்தில் கரண்ட் போனது. மேல்பல் ஆடிக்கொண்டு வந்திருந்த முனுசாமி நாற்காலியைச் சுற்றி வந்து பார்த்தார்.

“நிமிராதா?”

“கரண்ட் இல்லியே,” என்றார் மேரி.

“அப்ப நீங்க இன்னா செய்வீங்க, பாவம்,” என்று சொல்லிவிட்டு, செருப்புக் காலை நீட்டி மல்லாந்து படுத்துக்கொண்டார் முனுசாமி.

ரமீஸா பஞ்சு டப்பாவை இறக்கிவிட்டு அவர் தலைமாட்டில் உட்கார்ந்தார். மேரி டார்ச் அடிக்க, பல் வந்தது. கழுத்து வளையவில்லை, விரல் மரக்கவில்லை. அதற்குள் கரண்டும் வந்தது. முனுசாமி பதறிக் காலை மடக்கினார்.

“ஐயோ, நிமித்துங்கம்மா!”

ரமீஸா அவரை இறக்கி அனுப்பிவிட்டு நாற்காலியை ஒருமுறை சுற்றினார். பெடலருகே நின்றார். மறுபடியும் சுற்றினார்.

“வெளிய யாரு?”

“தேசப்பன். பூட்ஸுக்கு பாலிஷ் போட்டுக்கினு வந்திருக்காரு, ஆனா படுக்கமாட்டாராம்.”

ரமீஸா நாற்காலியைத் தட்டையாகவே விட்டு, மெயினை அணைத்தார். பெடலிலிருந்து வரும் வயரைக் கத்தரியால் வெட்டினார். மெயினைப் போட்டு, தேசப்பனைக் கூப்பிட்டு, நாற்காலி ரிப்பேர், நிமிராது என்றார். அவர் படுத்தார். இவர் ஸ்டூலில் உட்கார்ந்து ரூட் கெனாலை முடித்தார்.